பூட்டிய அறையில் மூடாத டிஸ்க்

கதவு சாத்திக்கொண்டபோது லொள்ளு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்ததாகச் சாவி திரும்புகிற சத்தம் கேட்டது பாருங்கள், அப்போதுதான் அவன் கதவுக்குப் பாய்ந்தான்.

"அண்ணி, பூட்டிட்டாங்க!"

"கேட்டுச்சு."

"என்ன இவ்வளவு சாவகாசமா சொல்றீங்க? வெளிய இருந்து பூட்டிட்டாங்க அண்ணி!"

"உள்ள இருந்து பூட்டியிருந்தா சாவி நம்மகிட்ட இருக்குமே. உட்காரு."

அவன் எங்கே உட்காருவான்? கைப்பிடியைப் பிடித்து இழுத்தான், தோளால் இடித்தான், காலால் உதைத்துவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டு நொண்டினான். கதவு அசைந்தால்தானே! அது வீட்டோடு சேர்ந்த ஒரு வீடியோ ஸ்டூடியோவில் குரல் பதிவு செய்கிற உள் அறை. சுவர் முழுக்கக் கறுப்புப் பஞ்சு ஒட்டியிருந்தது. ஜன்னல் கிடையாது. கதவில் மட்டும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு தடித்த கண்ணாடி. உள்ளே கத்தினால் வெளியே கேட்காது, வெளியே கத்தினால் உள்ளே கேட்காது. பதிவுக்கு இடைஞ்சல் என்று சொல்லிப் போன்களையும் வாசலிலேயே கூடையில் போடச் சொல்லிவிட்டார்கள்.

லொள்ளு லிஃப்டில் ஏறப் பயந்து ஏழு மாடி ஏறுகிற ஆள். வாய் மட்டும் இல்லையென்றால் அவனை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்பார்கள். அந்த வாயாலேயே போன இடமெல்லாம் வேலையைத் தொலைத்துவிட்டு, நாற்பது வயதில் அண்ணன் மனைவியிடம் உதவியாளனாகச் சேர்ந்திருந்தான். அண்ணியோ இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் க்ளெய்ம்களைப் பிடித்துப் பிடித்து மேலதிகாரிகளுக்கே வேண்டாதவளாகி, வெளியே வந்து துப்பறியும் ஆபீஸ் போட்டவள். கொழுந்தன் பேசிக்கொண்டே இருப்பான், அண்ணி பார்த்துக்கொண்டே இருப்பாள். தொழில் ஓடியது.

இந்த வழக்கைக் கொண்டுவந்தவள் ஒரு தையல்காரம்மா. மஞ்சள் ஓரம் வைத்துத் தைத்த துணிப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, அழக்கூட நேரமில்லாதவள் மாதிரி பேசினாள். அவள் தம்பி எலெக்ட்ரீஷியன். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மேடைக்கு மேலே விளக்குகள் தொங்கிய இரும்புக் கம்பி சரிந்து, நடன டீச்சர் மேல் விழுந்து, கால் எலும்பு முறிந்துவிட்டது. கம்பியைத் தூக்கி நிறுத்தியிருந்த கயிறு அவிழ்ந்திருந்தது. அந்தக் கயிற்றைக் கட்டியவன் தம்பி. ஆகவே தம்பி இப்போது போலீஸ் ஸ்டேஷனில்.

"என் தம்பி கட்டின கயிறு அவிழாதுங்க," என்றாள் தையல்காரம்மா. "விழா தொடங்குறதுக்கு முன்னாடியே கேமரா ஓட ஆரம்பிச்சிடுச்சு. கேமராவோட இணைச்ச ரெக்கார்டர்ல எல்லாம் நேரா டிஸ்க்ல பதிவாச்சு. சாயங்காலம் பள்ளிக்கூடத்துல இன்ஸ்பெக்டர் விசாரணை வச்சிருக்கார். அதுல ஒண்ணும் தெரியலைன்னா வழக்குப் போட்டு ஜெயிலுக்கு அனுப்பிடுவாங்க. மத்தியானமே போங்க. ஸ்டூடியோவுல உள் ரூம்லயே உட்கார்ந்து அந்த டிஸ்க்கைப் பாருங்க."

வந்தார்கள். வீடியோக்காரர் வாயெல்லாம் பல்லாக வரவேற்று, சட்டைப் பையிலிருந்து டிஸ்க்கை எடுத்து நீட்டினார். விபத்து நடந்த அன்றே தலைமையாசிரியை அதன் முகத்தில் தடித்த மார்க்கர் பேனாவால் கையெழுத்துப் போட்டு, விசாரணைக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தாராம். "ஆனா வெத்து டிஸ்க்குங்க. கம்பி விழுந்தப்ப கரண்ட் அடிச்சு ரெக்கார்டரே கருகிப் போச்சு. நம்பலைன்னா நீங்களே கம்ப்யூட்டர்ல போட்டுப் பாருங்க," என்று இந்த அறைக்குள் அவர்தான் கையைக் காட்டி அனுப்பினார். அவர்கள் உட்காருவதற்குள் கதவு பூட்டிக்கொண்டது.

"வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதையா போச்சு," லொள்ளு நெற்றியைத் துடைத்தான். "வீட்டுல நிம்மதியா தூங்கியிருக்கலாம்."

"புலம்புற நேரத்துல டிஸ்க்கைப் போடு."

போட்டான். கம்ப்யூட்டர் கொஞ்சம் உறுமிவிட்டு, டிஸ்க் காலி என்றது.

"பாத்தீங்களா? அந்த ஆள் சொன்னது நிஜம்தான்."

"எடுத்துத் துடைச்சுப் போடு. ஐயோ, கிரைண்டர் மாதிரி வட்டமா தேய்க்காதே! கோடு விழுந்தா பதிவான தடமே அழிஞ்சு போயிடும். நடுவுல இருந்து ஓரத்துக்கு நேரா துடை."

சட்டை நுனியால் பயபக்தியோடு துடைத்துப் போட்டான். காலி. கம்ப்யூட்டரில் இன்னொரு டிஸ்க் டிரைவ் இருந்தது, அதில் போட்டான். காலி. படம் ஓட்டுகிற வேறு ஒரு புரோகிராமில் திறந்து பார்த்தான். அதுவும் காலி என்று கையை விரித்தது.

"இது டாக்டர் கைவிட்ட கேஸ் அண்ணி. சொந்தக்காரங்களுக்குச் சொல்லி விட்டுடலாம்."

அண்ணி டிஸ்க்கை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். அப்புறம் கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

"இங்க பாரு. நடுவுல இருந்து இதுவரைக்கும் ஒரு நிறம். அதுக்கு அந்தாண்டை வேற நிறம். தெரியுதா?"

"உள்பக்கம் கொஞ்சம் கருத்திருக்கு."

"எழுதின இடம் கருக்கும். எழுதாத இடம் வெளுப்பா இருக்கும். இது வெத்து டிஸ்க் இல்ல. எழுதின டிஸ்க். மூடல, அவ்வளவுதான்."

"மூடுறதா? இது என்ன ஊறுகாய் ஜாடியா?"

"ரெக்கார்டர்ல பதிவு பண்ணி முடிச்சதும் ஃபைனலைஸ்னு ஒரு பட்டன் அழுத்தணும். தைச்சு முடிச்சதும் நூலுக்கு முடிச்சுப் போடுறோமே, அது மாதிரி. அதை அழுத்தாம விட்டா உலகத்துல எந்தக் கம்ப்யூட்டர்ல போட்டாலும் காலின்னுதான் காட்டும். இன்சூரன்ஸ்ல இருந்தப்ப இதுல நானே ஏமாந்திருக்கேன். கையெழுத்து இருக்கறதால அந்த ஆளால டிஸ்க்கை மாத்த முடியல. அதான் மூடாம விட்டுட்டார்."

"அப்போ இதை யாருமே பார்க்க முடியாதா?"

"பதிவு பண்ணின அந்த ரெக்கார்டர் மட்டும் பார்க்கும். பெத்த தாய்கிட்ட மட்டும் பேசுற பிள்ளை இது."

"தாய்தான் கருகிப் போச்சே!"

"அந்த ஆள் சொன்னார். நாம பார்த்தோமா?"

லொள்ளுவுக்கு மூச்சு முட்டியது. சுவர்கள் கிட்டே கிட்டே வருவதுபோல் இருந்தது. பயமாக இருந்தது, அதை மறைக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி பேசுவதுதான். ஆனால் அண்ணி அறையைச் சுற்றிப் பார்வையை ஓட்டியவள், மூலையில் ஒரு குட்டி டிவிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். அங்கே துணி உறை போட்ட ஒரு பெட்டி. உறையின் விளிம்பைத் தூக்கித் தடவிப் பார்த்தாள். நல்ல தையல், மஞ்சள் ஓரம். உறையை உருவினாள்.

ரெக்கார்டர்! புதுப் பெண் மாதிரி பளபளவென்று இருந்தது. ஒயர் செருகி, டிவியோடும் இணைத்து, தயாராக வைத்திருந்தது.

"கருகிப் போனது என்னைவிட ஆரோக்கியமா இருக்கே!" என்றான் லொள்ளு.

டிஸ்க்கைப் போட்டார்கள். ரெக்கார்டர் ஒரு நிமிஷம் யோசித்தது. டிவியில் மேடை தெரிந்தது.

படம் வந்தது, சத்தம் வரவில்லை. பின்னால் படத்துக்கான ஒயர் மட்டும்தான் செருகியிருந்தது. சத்தத்துக்கான ஒயரைத் தேட நேரமில்லை, கண்ணால் பார்த்தாலே போதுமாக இருந்தது. ஒல்லியாக ஒருவன், எலெக்ட்ரீஷியன்தான், கயிற்றைச் சுற்றிச் சுற்றி முடிச்சுப் போட்டான். போட்டுவிட்டு அந்தக் கயிற்றிலேயே இரண்டு கையாலும் தொங்கி ஆடிக் காட்டினான். கேமராவைப் பார்த்துச் சிரித்தான். போய்விட்டான். மேடை காலியாகக் கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு முதுகு வந்தது. அந்த முதுகு முடிச்சை அவிழ்த்து, கம்பியைத் தாழ்த்தி, அதில் ஒரு பெரிய விளக்கை மாட்டி, திரும்ப ஏற்றி, அவசர அவசரமாகக் கயிற்றை எப்படியோ சுற்றியது. பிறகு கேமரா பக்கம் திரும்பியது.

வீடியோக்காரர்!

"தன்னோட கேமராவுக்குத் தானே மாப்பிள்ளை ஆயிட்டாரே மனுஷன்," என்ற லொள்ளு, சட்டென்று வாயை மூடிக்கொண்டான். கதவுக் கண்ணாடியில் ஒரு முகம். அதே முகம். வாய் திறந்து திறந்து மூடியது, கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு சத்தமும் உள்ளே வரவில்லை.

"பூட்டிட்டு வந்து பழிப்பு வேற காட்டுறான் பாருங்க!"

"முகத்தைப் பார்க்காதே. தோளைப் பாரு. என்ன பண்றார்?"

பார்த்தான். வீடியோக்காரரின் தோள் முன்னும் பின்னும் ஆடியது. உள்பக்கக் கைப்பிடி லேசாக நடுங்கியது.

"கதவை... இழுக்கிறான்."

"பூட்டினவன் எதுக்குக் கதவை இழுக்கணும்? அவர்கிட்ட சாவி இல்ல. நம்மளைப் பூட்டினது அவர் இல்ல."

அந்த நேரம் பார்த்து வீடியோக்காரரின் பார்வை அண்ணியைத் தாண்டி மூலைக்குப் போனது. உறை உருவிய ரெக்கார்டரைப் பார்த்தார். பேயறைந்த மாதிரி நின்றார். அது அங்கே இருப்பது அவருக்கே தெரியாது என்பது அந்த முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. மறுநொடி கண்ணாடியில் முகம் இல்லை.

"மெயின் சுவிட்சுக்குத்தான் ஓடுறார்!" அண்ணி ரெக்கார்டரின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். "கம்ப்யூட்டர் யூபிஎஸ் எங்க? மேஜைக்கு அடியில! செருகு, சீக்கிரம்!"

லொள்ளு தவழ்ந்துபோய்ச் செருகினான். ரெக்கார்டர் மறுபடி கண் விழித்து, டிஸ்க்கை மறுபடி முகர்ந்து பார்த்து, ஆடி அசைந்து தயாரானது. அண்ணி ஃபைனலைஸ் பட்டனை அழுத்தினாள். மூடட்டுமா என்று கேட்டது. மூடு என்றாள்.

விளக்கு அணைந்தது. ஏசி நின்றது. யூபிஎஸ் பீப், பீப் என்று கத்த ஆரம்பித்தது.

"அண்ணி..."

"இருக்கேன். பயப்படாதே. பாட்டரியில ஓடுது. இது மூடிட்டு இருக்கும்போது கரண்ட் போயிருந்தா டிஸ்க் செத்திருக்கும். அப்புறம் பெத்த தாய்க்கே அடையாளம் தெரியாது."

இருட்டில் ரெக்கார்டரின் எண்கள் மட்டும் பச்சையாக ஊர்ந்தன. லொள்ளு மேஜைக் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். "சும்மா இருந்தா செத்துடுவேன். ஏதாவது பேசுங்க. பூட்டினது யாரு?"

"ஒளிச்சு வச்ச ரெக்கார்டரை எடுத்து வந்து இங்க மாட்டினவங்கதான். யாருக்கு இந்த வீட்டு மூலை முடுக்கெல்லாம் தெரியும்? 'உள் ரூம்லயே உட்கார்ந்து பாருங்க'ன்னு நம்மகிட்ட சொன்னது யாரு? அந்த உறையில இருக்கற மஞ்சள் ஓரத்தை வேற எங்க பார்த்தோம்?"

லொள்ளு வாயைப் பிளந்தான். இருட்டில் அது வீணாய்ப் போனது. "தையல்காரம்மாவா? அவங்களுக்கு இந்த வீட்டுல என்ன..."

"குடித்தனம் பண்றாங்க. வேற என்ன?"

லொள்ளுவுக்குத் தலை சுற்றியது. வழக்கைக் கொண்டுவந்தவள் எலெக்ட்ரீஷியனுக்கு அக்கா, வீடியோக்காரருக்கு மனைவி! "தட்டுலயும் கை, தாம்பாளத்துலயும் கை வச்ச மாதிரியா? நம்மளை மாட்டிவிடப் பார்த்தாங்களா?"

"மாட்டிவிடல. டிஸ்க் புருஷன் சட்டைப் பையில. ரெக்கார்டர் எங்கேயோ ஒளிச்சு வச்சிருக்கு. ரெண்டும் ஒரே ரூமுக்கு வரணும். வந்தப்புறம் நடுவுல ஒரு பூட்டும் இருக்கணும். நாம வேலையை முடிக்கற வரைக்கும் அவர் உள்ள வரக் கூடாதுன்னு பூட்டியிருக்காங்க."

ரெக்கார்டர் டிஸ்க்கைத் துப்பியது. மூடியாயிற்று. அண்ணி அதைக் கம்ப்யூட்டரில் போட்டாள். இத்தனை நேரம் காலி என்று சாதித்த அதே கம்ப்யூட்டர், இப்போது நல்ல பிள்ளையாகப் படத்தைக் காட்டியது.

"காப்பி எடு. அவர் கைக்குப் போறதுக்குள்ள கம்ப்யூட்டர்ல ஒண்ணு இருக்கணும்."

லொள்ளு மவுஸைப் பிடித்து இழுத்தான், விட்டான். "முடிஞ்சுது!"

"அதுக்குள்ளயா? என்னத்தை இழுத்தே?"

"டிஸ்க் படத்தை அப்படியே இழுத்துத் திரையில போட்டேன்."

"அது வெறும் குறுக்குவழிடா! டிஸ்க்கை எடுத்தா அதைத் திறக்கவே முடியாது. வாசல் போர்டைக் கழட்டிட்டு வந்து வீட்டையே தூக்கிட்டு வந்தேன்னு சொல்ற மாதிரி இருக்கு. உள்ள ஒரு ஃபோல்டர் இருக்கும், அதை முழுசா எடு."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு முழு ஃபோல்டரையும் எடுத்துப் போட்டான். பச்சைப் பட்டை நகர்ந்தது. பாதி தாண்டியது. நின்றது. யூபிஎஸ் இப்போது இடைவெளியில்லாமல் பீப்பியது. வெளியிலிருந்து 'தொம்' என்று ஓர் அதிர்வு. வீடியோக்காரர் கேமரா ஸ்டாண்டால் கண்ணாடியை இடித்துக்கொண்டிருந்தார்.

"வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடையுதே!" லொள்ளு அழாத குறை.

"டிஸ்க்கை எடு. உன் கட்டைவிரல் ரேகை இருக்கும். துடை. நேரா, நேரா! போட்டுட்டு மீதியை எடு."

துடைத்துப் போட்டான். பட்டை மறுபடி நகர்ந்தது. கண்ணாடியில் விரிசல் மின்னலாக ஓடியது. பட்டை முனைக்கு வந்தது, முட்டியது, மறைந்தது. அண்ணி டிஸ்க்கை வெளியே எடுத்துக் கம்ப்யூட்டரை நிறுத்தினாள். யூபிஎஸ் ஒரு நீளக் கூச்சல் போட்டுவிட்டு அடங்கியது.

கண்ணாடி உடைந்து உள்ளே கொட்டியது. ஓட்டை வழியாக ஒரு கை வந்தது.

"டிஸ்க்கைக் குடுங்க!"

"இந்தாங்க," என்றாள் அண்ணி. கொடுத்தேவிட்டாள்.

லொள்ளு நெஞ்சில் கை வைத்தான். வெளியே 'படக்' என்று டிஸ்க் இரண்டாக உடைகிற சத்தம். "கரண்டும் இல்ல, டிஸ்க்கும் இல்ல. இப்ப துப்பறிங்க, பார்க்கலாம்!" என்றார் வீடியோக்காரர் மூச்சிரைக்க.

அவருக்குப் பின்னால் வாசல் கதவு திறந்தது. தையல்காரம்மா வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர், இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் தலைமையாசிரியை. விசாரணைக்கு முன்னதாகவே பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தவர்களைப் போய் அழைத்து வந்திருக்கிறாள்.

தலைமையாசிரியை மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "என் கையெழுத்து உங்க ரெண்டு கையிலயும் பாதி பாதியா இருக்கே, ஏன்?"

"வெத்து டிஸ்க் மேடம். ஒரு கோபத்துல..."

"வெத்து டிஸ்க் மேல எதுக்குய்யா கோபம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

தையல்காரம்மா முந்தானையிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள். வெளிக்காற்று முகத்தில் பட்டதும் லொள்ளுவுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. அண்ணி வெளியே வரவில்லை. "மெயின் சுவிட்சைப் போடச் சொல்லுங்க சார்," என்றாள்.

கரண்ட் வந்தது. கம்ப்யூட்டர் எழுந்தது. வீடியோக்காரர் அதைப் பார்த்து ஏளனமாகச் சிரித்தார். படம் திரையில் விரிந்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. எலெக்ட்ரீஷியன் கயிறு கட்டினான். கட்டிய கயிற்றில் தொங்கி ஆடினான். கம்ப்யூட்டரில் ஸ்பீக்கர் இருந்தது. இந்தத் தடவை சத்தமும் வந்தது.

"மச்சான்! நீ போட்ட முடிச்சுல யானையே தொங்கலாம்டா! போதும், இறங்கு இறங்கு, விழுந்து வச்சா உங்க அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

கேமராவுக்குப் பின்னாலிருந்து வந்த குரல். பாசமான குரல். அதைக் கேட்டுத்தான் அவன் அப்படிச் சிரித்திருக்கிறான்.

"யார் குரல் இது?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"என் வீட்டுக்காரர் குரல் சார்," என்றாள் தையல்காரம்மா.

திரையில் அந்த முதுகு வந்து முடிச்சை அவிழ்க்கும்வரைகூட வீடியோக்காரர் நிற்கவில்லை. சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த டிஸ்க் துண்டுகள் தரையில் விழுந்தன.

"நான்தான் சார் அவிழ்த்தேன். மேடை நல்லா வெளிச்சமா விழணும்னு இன்னொரு லைட்டு மாட்டினேன். திரும்பக் கட்டினேன், அவன் மாதிரி கட்டத் தெரியல. சொல்லிடணும்னுதான் இருந்தேன். அவனைப் பிடிச்சிட்டுப் போனப்புறம் வாய் வரல."

"டீச்சர் விழுந்தது உங்க தப்புன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, அவங்க கால்ல உங்களோட சேர்ந்து நானும் விழுந்திருப்பேன்," என்றாள் அவள். "நீங்க ராத்திரி தூங்காம அந்தப் பெட்டியைப் பரண்ல ஒளிச்சதைப் பார்த்தேன். கேட்டா உடைச்சுப் போட்டிருப்பீங்க. அதான் வெளி ஆளைக் கூட்டிட்டு வந்தேன்."

"எனக்கு எதிரா நீயே..."

"நீங்க ஒரு தடவையாவது ஸ்டேஷனுக்குப் போய் அவனைப் பார்த்தீங்களா? நான் சோறு கொண்டுபோற ஒவ்வொரு தடவையும் அவன் எனக்கு ஆறுதல் சொல்றான். 'அழாதே அக்கா, அத்தான்கிட்ட டிஸ்க் இருக்கு. அத்தான் என்னை விட்டுட மாட்டார்'ங்கறான்."

வீடியோக்காரர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் அவர் தோளில் கை வைக்கப் போனார், தையல்காரம்மா குறுக்கே வந்தாள்.

"கொஞ்சம் இருங்க சார், அவரே எழுந்திருக்கட்டும்." புருஷன் பக்கம் திரும்பினாள். "அவன் இப்பவும் உங்களைத்தான் எதிர்பார்த்துட்டு இருக்கான். உள்ள அனுப்பினது நீங்க. நீங்களே போய் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லி, வெளிய கூட்டிட்டு வாங்க. எழுந்திருங்க. நடங்க."